நாலு மூலைப் பெட்டி

தங்கமணி வீட்டில் ஒரு வருஷமாக லைட் எரியவில்லை. எங்கள் ஊர் ஒன்றும் கரண்ட் இல்லாத ஊர் கிடையாது. வேப்பனப்பள்ளியிலிருந்து ஆந்திரா எல்லைப் பக்கம் போகிற ரோட்டில் இருக்கிறது. தெருவுக்குத் தெரு கம்பம், வீட்டுக்கு வீடு டி.வி. அவள் வீட்டுக்கும் லைன் இருந்தது. அவளேதான் அரிவாளால் வயரை வெட்டிச் சுருட்டி, மூத்தவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள். பியூஸ் ஏற்கெனவே பிடுங்கிக் கிடந்ததால் ஷாக் அடிக்கவில்லை.

மூத்தவர் என்றால் அவள் புருஷன் முனிவேலுக்கு அண்ணன், மாதப்பன். அப்பன் செத்தபிறகு அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டுக்கு நடுவில் சுவர் வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். சுவர் நேராகத்தான் வந்தது, ஆனால் கரண்ட் மீட்டர் மாதப்பன் பக்கம் போய்விட்டது. தம்பி வீட்டுக்கு அங்கிருந்துதான் வயர் வந்தது. தனி மீட்டர் வாங்க மாதப்பன் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போடமாட்டார். தங்கமணி வீட்டுப் புறக்கடை அவருக்கு டிராக்டர் நிறுத்த வேண்டியிருந்தது. அது கைக்கு வராமல் அவர் பேனாவைத் தொடுவதாக இல்லை.

முனிவேல் ஓசூரில் ஒரு காஸ்டிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். நாலு பேரோடு ரூம் எடுத்துத் தங்கி, சனிக்கிழமை சாயந்திரம் பஸ் ஏறி வருவான், திங்கட்கிழமை விடியலில் போய்விடுவான். அண்ணனுக்கு எதிரில் வாய் திறக்காத ஜென்மம். மிச்ச ஐந்து நாளும் வீடு, ஒரு கறவை மாடு, புறக்கடைக் கொட்டகை எல்லாம் தங்கமணி பொறுப்பு.

அந்தக் கொட்டகையில்தான் அவள் குஞ்சு காத்தாள். கர்நாடகாவில் மாலூர்ப் பக்கத்திலிருந்து வெங்கடசாமி என்று ஒருவர் டி.வி.எஸ். வண்டியில் ஓட்டைபோட்ட அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு வருவார். பொரித்து ஒரு நாள் ஆன குஞ்சுகள். அவற்றை வாங்கி மூன்று வாரம் காப்பாற்றிச் சந்தையில் விற்றால், வாங்கிப் போகிற பெண்கள் பயமில்லாமல் வளர்த்துக்கொள்வார்கள். கேட்பதற்குச் சுலபம். முதல் பத்து நாளைத் தாண்டுவதற்குள் உயிர் போய்வரும். தாய்க்கோழி இறக்கைக்கு அடியில் என்ன சூடு இருக்குமோ அந்தச் சூட்டை நாம் கொடுத்தாக வேண்டும். தரையில் உமியைப் பரப்பி, அதைக் கொத்தித் தின்னாமல் இருக்க மேலே பேப்பர் விரித்து, சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குத் தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, நடுவில் மூங்கில் கூடையைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு, அதற்குள் பல்பு போட வேண்டும். முதல் நாள் வெல்லத் தண்ணீர். ஒவ்வொரு குஞ்சாக எடுத்து மூக்கைத் தண்ணீரில் முக்கிக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

தங்கமணிக்குத் தெர்மாமீட்டர் எல்லாம் தேவையில்லை. காது போதும். சூடு சரியாக இருந்தால் குஞ்சுகள் பரவிப் படுத்துக்கொண்டு தமக்குள் முனகும். அதிகமானால் வாயைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் தகரத்தோரம் போய் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்தால் கத்தும். அந்தக் கத்தல் சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் கேட்டவர்களால் சோறு தின்ன முடியாது.

வேப்பனப்பள்ளிச் சந்தையில் "தங்கமணி குஞ்சா?" என்று கேட்டு வாங்குகிற அளவுக்குப் பெயர் வந்திருந்தது. கைராசிக்காரி என்றார்கள். அந்தப் பெயர் அவளுக்குப் பெரிய பெயர். ஏனென்றால் அவளுக்கு இரண்டு முறை வயிற்றில் நின்றது தங்கவில்லை. இரண்டாவது ஆறாம் மாசத்தில் போனபோது, ஓரகத்தி சரோஜம்மாள்தான், மாதப்பன் பெண்டாட்டிதான், சுவரைச் சுற்றி ஓடிவந்து வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டி, பதினைந்து நாள் களி கிண்டிப் போட்டாள். சரோஜம்மாள் நல்லவள். நல்லவளாக இருந்து என்ன, புருஷன் முன்னால் அவளும் முனிவேல் மாதிரிதான்.

போன தை மாசத்தில் அது நடந்தது. முந்நூறு குஞ்சு, நாலாவது நாள். பனி விழுந்து கூரை ஓடு நனைந்திருந்த சாயந்திரம். மாதப்பன் பர்கூரில் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார். கிளம்பும்போது தம்பி வீட்டு லைனுக்கான பியூஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு, பெண்டாட்டியோடு பஸ் ஏறிவிட்டார். மறுநாள் பத்து மணிக்குத்தான் திரும்பினார். தங்கமணி அந்தப் பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தாள். இரண்டு கம்பளி, நாலு பாட்டிலில் வெந்நீர், தன் மாராப்பு, எல்லாம் போட்டுப் பார்த்தாள். விடிந்தபோது இருபத்திரண்டு குஞ்சு மிச்சம்.

செத்த குஞ்சுகளைப் புதைத்துவிட்டு அவள் சாயந்திரப் பாலை எடுத்துக்கொண்டு சொசைட்டிக்குப் போனாள். வரிசையில் முப்பது பேர். பால் அளக்கிற திம்மராயன், "என்னாம்மா, குஞ்செல்லாம் போயிட்டுதாமே?" என்று கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து மாதப்பன் சொன்னார்.

"வவுத்துலயே உசுரு தங்கல. கையில எங்க தங்கும்?"

எல்லோரும் தங்கள் தங்கள் கேனைப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் மட்டும் சிரித்தான். தங்கமணி பாலை ஊற்றி, சீட்டை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து அரிவாளைத் தேடினாள். அரிவாளை எடுத்தது வயருக்குத்தான். ஆனால் எடுக்கும்போது வயருக்கு என்று எடுக்கவில்லை. அதை அவளே பிறகு சொல்லியிருக்கிறாள்.

நெல்லைக் கொட்டினால் அள்ளிவிடலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்பார்கள். கொட்டினவனையே அள்ள வைக்கிறேன் என்று தங்கமணி கறுவிக்கொண்டாள்.

பழி வாங்க நினைக்கிறவர்கள் எங்கள் பக்கம் வழக்கமாக என்ன செய்வார்கள் என்றால், வைக்கோல் போரில் நெருப்பு வைப்பார்கள், மாங்கன்றை வெட்டிப் போடுவார்கள். தங்கமணி அதையெல்லாம் செய்யவில்லை. வெங்கடசாமி அடுத்த முறை வந்தபோது வழிமறித்து நிறுத்தினாள்.

"ஏமம்மா, இந்தவாட்டி எத்தினி பெட்டி?" என்றார் அவர்.

"நூறு குஞ்சு போதும். கரண்ட் இல்லாம காக்கறதுக்கு வழி சொல்லு."

"கரண்ட் இல்லாமயா? எங்க அவ்வா காலத்துல ஏது கரண்ட்? கரி போதும்மா. மண்சட்டியில கரி போட்டு, நல்லா கனிஞ்சப்புறம் மேல சாம்பல் தூவு. ஓட்ட போட்ட பானைய அதும் மேல கவுத்து. பொக வரக்கூடாது. கண்ணு எரிஞ்சா உனக்கு, மூச்சு நின்னா அதுக்கு. ஜன்னல மட்டும் சாத்திடாத."

"எத்தினி நேரம் தாங்கும்?"

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா கரி மாத்தணும். தூக்கம் இருக்காது. இருக்குதா உன்கிட்ட அந்த வைராக்கியம்?"

"அது ஒண்ணுதான் இருக்குது," என்றாள்.

அந்த நூறில் இருபது செத்தது. அடுத்த நூறில் எட்டு. அதற்கடுத்த முறை நூற்றைம்பதில் மூன்று. இஸ்திரி போடுகிறவனுக்குக் கரி கொண்டுவருகிற வண்டிக்காரனிடமே மூட்டையாக வாங்கித் தாவாரத்தில் அடுக்கிக்கொண்டாள். உள்ளங்கையெல்லாம் கறுத்துப்போனது. சனிக்கிழமை வருகிற முனிவேல், "செல்போன் சார்ஜ் போடக்கூட வழியில்ல இந்த வூட்டுல" என்று முனகுவான். அவள் காதில் வாங்கமாட்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் சீரியல் ஓடும். இந்தப் பக்கம் கரிச்சட்டி. சரோஜம்மாள் எப்போதாவது அவரைக்கொட்டைக் குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போவாள். தங்கமணி கிண்ணத்தைக் கழுவித் திருப்பி வைப்பாள். பேச்சு இல்லை.

இப்படி இருக்கையில்தான் அந்த வருஷத்துக் கரண்ட் கட்டு வந்து சேர்ந்தது. முதலில் தினம் இரண்டு மணி நேரம் என்றார்கள், பிறகு கணக்கே இல்லை. ஊரில் குஞ்சு காத்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் கையைச் சுட்டுக்கொண்டு விட்டுவிட்டார்கள். சந்தையில் குஞ்சு என்றால் தங்கமணி மட்டும்தான் என்று ஆனது. மாதப்பனுக்கு இது பொறுக்குமா? பங்காளிக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் மருந்து இருக்கிறது? மார்கழி பிறந்ததும், தானும் குஞ்சு இறக்கப் போவதாகவும், நூறு இருநூறு இல்லை நானூறு என்றும் டீக்கடையில் சொன்னார். கரண்ட் கட்டைப் பற்றிக் கேட்டதற்கு, "காலையில ஆறுல இருந்து ஒம்போதுதான கட்டு? வெயில் வர்ற நேரம். அதுக்குள்ள என்னா ஆயிடும்?" என்றார்.

அந்தச் சனிக்கிழமை முனிவேல் பஸ்ஸில் வரவில்லை. ஒரு மினி லாரியில் வந்து இறங்கினான். பின்னால் பிளைவுட் பலகைகள். கம்பெனிக்கு மிஷின் வந்த பேக்கிங் பெட்டிகள். நல்ல கெட்டிப் பலகை, நாலு பக்கமும் சட்டம் அடித்தது. அண்ணன் வீட்டுக்குள் கொண்டுபோய் இறக்கினான்.

தங்கமணி வாசலில் நின்று பார்த்தாள். அவன் கைகால் கழுவிக்கொண்டு வந்து களிக்கு உட்கார்ந்ததும் கேட்டாள்.

"அது எதுக்கு?"

"அண்ணன் குஞ்சு வுடறாரில்ல. அதுக்கு அடைப்பு. அவுருதான் போன்ல கேட்டாரு. சூப்பரைசர் கால்ல வுழாத குறையா கேட்டு வாங்கியாந்தன்."

"எனக்கு ஒரு தகரம் கேட்டன் ரெண்டு வருசமா."

"ஏ, அத்த ஏன் இப்ப? ரெண்டு வூடும் ஒண்ணாவட்டுமேன்னு ஒரு இதுல செஞ்சன். இதுக்கு அப்புறமாவது மீட்டருக்குக் கையெழுத்துப் போடுவாரு."

"உங்க அண்ணன் சொசைட்டில சொன்னாரே, அதக் கேக்கறப்ப நீங்க ஓசூர்ல இருந்தீங்க. சரி. வந்ததும் நான் சொன்னனே, அப்ப எங்க இருந்தீங்க?"

முனிவேல் களியைக் குழம்பில் முக்கினான், விழுங்கவில்லை. "அவுரு வாய் அப்பிடி. தெரிஞ்சதுதான? பெரியவரு. நான் என்னா பண்ண முடியும்?"

"ஒண்ணும் பண்ண வேணாம். தின்னுங்க."

களி பாதி தீர்ந்ததும் அவனே கேட்டான். "அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது தங்கமணி. நீ போயி எப்பிடி வெக்கறதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்னா?"

"அவுரு கேக்கட்டும். சொல்றன்."

"கேக்கமாட்டாரு. உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள்.

மறுநாள் மாதப்பன் தன் பக்கத்துத் தாவாரத்தில் பலகைகளைச் சேர்த்துப் பெட்டி அடித்தார். தங்கமணி மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் சுவரோரம் போய் எட்டிப் பார்த்தாள். எட்டடிக்கு எட்டடி சதுரம். மூலைக்கு மூலை ஆங்கிள் வைத்து ஆணி அடித்து, கம்பெனிப் பெட்டி என்ன ஒழுங்கோ அந்த ஒழுங்கில் செய்திருந்தார். மேலே நாலு பல்பு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. தகரத்தை ஏன் வட்டமாக வளைக்கிறார்கள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. வட்டத்துக்கு மூலை கிடையாது. குளிர்கிற குஞ்சு ஓரத்தைத் தேடி ஓடும். வட்டமாக இருந்தால் ஓடிச் சுற்றித் திரும்பிவிடும். மூலை இருந்தால் அதற்குள் போய் நிற்கும், அதன்மேல் இன்னொன்று ஏறும், அதன்மேல் இன்னொன்று. குளிர் கொல்வதற்கு முன்பே அடியில் இருப்பது நசுங்கிச் செத்துவிடும். ஒரு கிழிந்த அட்டையை வளைத்து ஒவ்வொரு மூலையிலும் செருகினால் தீர்ந்தது விஷயம். மூளியான அட்டை நாலு அவள் கொட்டகையிலேயே கிடந்தது.

மாடு தண்ணீர் குடித்து முடித்ததும் அவள் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு ஒரு வருஷத்துக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டதாகவும் சொல்லியிருக்கிறாள். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கட்டும். சொசைட்டி வரிசையில் நின்றது அவர்கள் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நானூறு குஞ்சும் வந்து இறங்கின. இரண்டு நாள் கரண்ட் ஆறு மணிக்குத்தான் போனது. அந்த இரண்டு நாளும் மேகமூட்டம், அவ்வளவு குளிரில்லை. மாதப்பன் டீக்கடையில், "இதுக்குப் போயி ராவெல்லாம் கண்ணு முழிக்கறாங்களாம், கரி ஊதறாங்களாம்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வானம் வெளுத்துப் பனி கொட்டியது. முருங்கை இலையிலிருந்து சொட்டுகிற சத்தம் கேட்கிற பனி. ஐந்து மணிக்கே கரண்ட் போய்விட்டது. தங்கமணி எழுந்து தன் கொட்டகையில் கரி மாற்றிக்கொண்டிருந்தாள். அவளுடைய நூற்றைம்பது குஞ்சும் சட்டியைச் சுற்றிப் பரவிப் படுத்து முனகிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் முதலில் பத்து இருபது குஞ்சு கத்தியது. பிறகு நானூறும் கத்தியது.

அவள் கரியைக் கிளறிக்கொண்டே கேட்டாள். அந்தக் கத்தலை ஒரு முறை இரவு பூராவும் கேட்டவள் அவள். எழுந்து ஓட வேண்டும் என்று காலுக்குத் தோன்றியது. காலை மடித்துப்போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

ஐந்தரைக்குச் சரோஜம்மாள் வந்து கதவைத் தட்டினாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது.

"தங்கமணி, வாம்மா. எல்லாம் மூலைக்கு மூலை ஏறிக்கிட்டு நிக்குது. பிரிச்சு வுட்டா திரும்பிப் போயி ஏறுது. என்னா பண்றதுன்னே தெரியல."

"மூத்தவரு எங்க?"

"அவுரு லைன்மேனுக்குப் போன் போட்டுக்கிட்டு நிக்கறாரு. நீ வா, உன் கரிச்சட்டி ஒண்ணு எடுத்துக்கிட்டு வா, உனக்குப் புண்ணியமா போவும்."

"அவுரு வந்து கேக்கட்டும்க்கா."

"இந்நேரத்துல என்னாடி இது?"

"அவுரு வரட்டும்."

சரோஜம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஓடினாள். சுவருக்கு அந்தப் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் பேசுவது கேட்டது. "அவகிட்ட நான் போயி நிக்கறதா?" என்பது தெளிவாகவே கேட்டது. பத்து நிமிஷம் போயிற்று. மாதப்பன் மப்ளரைத் தலையில் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை.

"ஏம்மா. உன் அக்கா கூப்புட்டா வரமாட்டியா?"

"வர்றன் மாமா. அதுக்கு முன்னால நீங்க ஒண்ணு செய்யணும்."

"என்னா? மீட்டருக்குக் கையெழுத்தா? போடறன். இன்னிக்கே போடறன்."

"அது வேணாம்."

"புறக்கடைய நான் கேக்கல. போதுமா? உன்னுதே. எழுதிக் குடுக்கறன். எரியற வூட்டுல புடுங்கற வரைக்கும் புடுங்கிக்க."

"எனக்கு அதுவும் வேணாம் மாமா. போன தையில சொசைட்டில வெச்சு ஒரு வார்த்த சொன்னீங்க. அத்த அங்கயே வந்து எடுத்துக்கங்க. பியூஸ நான்தான் புடுங்குனன்னு சொல்லுங்க. இப்ப ஆறு ஆவப்போவுது. எல்லாரும் கேனோட நிப்பாங்க."

மாதப்பனுக்கு முகம் கறுத்தது. "உனக்குப் பைத்தியமா? அங்க குஞ்சு சாவுது."

"ஆமா. கேக்குது."

"அத்த அப்புறம் பேசிக்கலாம். சத்தியமா சொல்றன். மொதல்ல வா."

"அப்புறம்னா நீங்க சொல்லமாட்டீங்க. எனக்குத் தெரியும். இதுங்க சாவறப்பதான் சொல்லுவீங்க."

"ஒரு பொம்பள இவ்ளோ வன்மம் வெக்கக்கூடாது."

"நேரமாவுது மாமா."

அவர் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கொஞ்சம் குறைந்திருந்தது. அது நல்லதற்குக் குறையவில்லை என்று அவருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். அவளுக்கு நெஞ்சு எரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தாற்போல் ஒரு நெஞ்சில் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் கண்டுகொண்டாள். சரோஜம்மாள் அங்கிருந்து, "சொல்லித் தொலைங்களேன்! சொன்னா வாயி வெந்தா போயிடும்?" என்று கத்தினாள். பதினெட்டு வருஷத்தில் புருஷனைப் பார்த்து அவள் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. மாதப்பன் மப்ளரை அவிழ்த்தார். தெருவில் இறங்கி நடந்தார். தங்கமணி பின்னால் போனாள்.

சொசைட்டி அங்கிருந்து இருநூறு அடி. பனியில் கேன்களோடு இருபது முப்பது பேர் போர்வை போர்த்திக்கொண்டு நின்றார்கள். திம்மராயன் பெட்ரோமாக்ஸ் விளக்கை மேஜைமேல் வைத்துப் பால் அளந்துகொண்டிருந்தார்.

"என்னா மாதப்பா, வெறுங்கையோட வந்திருக்கற?"

மாதப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். யாருக்கும் கேட்கவில்லை.

"அன்னிக்குக் கேட்டுது மாமா," என்றாள் தங்கமணி. "அந்த மாதிரி சொல்லுங்க."

"பியூஸ நான்தான் புடுங்குனன்," என்றார். "போன தையில. இவ குஞ்சு செத்தது அதாலதான்."

அளக்கிற பாத்திரம் திம்மராயன் கையில் அப்படியே நின்றது. யாரோ, "அடப்பாவி" என்றார்கள். யாரோ, "இது தெரிஞ்சதுதான" என்றார்கள்.

"இன்னொண்ணு," என்றாள் தங்கமணி.

"அத்த எப்பிடிம்மா இத்தினி பேரு முன்னால..."

"இத்தினி பேரு முன்னாலதான சொன்னீங்க."

வரிசையில் நின்ற ஒரு பெரியம்மா பொறுக்கமாட்டாமல், "அட போம்மா, வர்றப்ப கேட்டன், அவுரு வூட்டுல அந்த வாயில்லாத சீவனுங்க சாவற கத்தல் கத்துதுங்க, இதா நேரம்?" என்றாள். தங்கமணி அவள் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கும் நீங்க இங்கதான் நின்னுக்கிட்டு இருந்தீங்க. இதா நேரம்னு அவுரை ஒரு வார்த்த கேட்டிருந்தா, இன்னிக்கு நான் கேக்க வேண்டியிருக்காது."

பெரியம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். மாதப்பன் கண்ணைத் துடைத்தார். அது அழுகையோ பனியோ, எங்களுக்குத் தெரியாது.

"அவ வவுத்தப் பத்தி நான் பேசுனது தப்பு," என்றார். "என் நாக்கு அழுவிப்போவ. அவ கையில உசுரு நிக்கும். இந்த ஊர்ல வேற யாரு கையிலயும் அப்பிடி நிக்காது."

தங்கமணி அதை முழுதாகக் கேட்டாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். இருநூறு அடியை அவள் ஓடினதைப் பார்த்தவர்கள், கால் தரையில் படவே இல்லை என்றார்கள்.

தன் குஞ்சுகளுக்கு ஒரு சட்டியை விட்டுவிட்டு, கொட்டகையிலிருந்து இன்னும் இரண்டு கரிச்சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு போய் அந்தச் சதுரத்துக்கு நடுவில் வைத்துப் பானையைக் கவிழ்த்தாள். நாலு மூலையிலும் நாலு குவியல், ஒவ்வொன்றும் ஒரு முழ உயரம். மேலே இருந்தது அசைந்தது. இரண்டு கையாலும் வழித்து எடுத்துக் கூடையில் போட்டாள். உயிர் இருக்கிறது, இருக்கிறது, இல்லை, இருக்கிறது. கொட்டகையில் கிடந்த அட்டைகளைக் கொண்டுவந்து வளைத்து நாலு மூலையிலும் செருகினாள். சரோஜம்மாள் செத்ததை எல்லாம் மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில் எல்லா மூலையும் காலியாகி, உயிரோடு இருந்ததெல்லாம் சட்டியைச் சுற்றி நின்று, ஒன்றிரண்டு இறக்கையை உதறி, கத்தலை விட்டு முனக ஆரம்பித்தன. சரோஜம்மாள் மடியில் நூற்று அறுபது இருந்தது. அதற்குள் சொசைட்டியில் நின்றவர்கள் பாதிப் பேர் வாசலில் வந்து நின்றிருந்தார்கள். மாதப்பன் சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

சரோஜம்மாள் மூலையில் இருந்த அட்டையைப் பார்த்தாள். தங்கமணியைப் பார்த்தாள்.

"மூலைய அடைக்கணும்னு உனக்குத் தெரியும்தான?"

"தெரியும்."

"பெட்டி வந்தப்பவே தெரியுமா?"

"வந்தப்பவே தெரியும்க்கா."

"அஞ்சு நாளா சுவத்துக்கு அந்தாண்ட குந்திக்கிட்டு, தெரிஞ்சேதான் இருந்தியா?" சரோஜம்மாள் மடியைத் தூக்கிக் காட்டினாள். "அவுரு பண்ணதுக்கு இதுங்க என்னாடி பண்ணுச்சு? அன்னிக்கு உன்ன இந்தக் கையாலதான் குளுப்பாட்டுனன். எனக்காவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல? நீ கல்நெஞ்சுக்காரிடி. மனுசியே இல்ல."

வாசலில் நின்ற எல்லோரும் கேட்டார்கள். இனி ஊரில் அவளை என்ன பெயர் சொல்வார்கள் என்பது அங்கேயே தீர்மானமாகிவிட்டது. தங்கமணியின் கண் நிறைந்தது. மாதப்பன் சொன்னபோது நிறையாத கண்.

"ஆமாக்கா," என்றாள். "அன்னிக்கு அவுரு வெச்ச பேருக்கு நான் ஒண்ணும் பண்ணல. சும்மா இருந்தவ மேல வந்து வுழுந்துச்சு. இது அப்பிடி இல்ல. தெரிஞ்சே நான் பண்ணது, நானே சம்பாரிச்சது. நீ சொல்லு, ஊரும் சொல்லட்டும். இத்த நான் வெச்சுக்கறன்."

சரோஜம்மாள் மடியோடு புறக்கடைப் பக்கம் போனாள். அதற்குப் பிறகு சுவர்மேல் கிண்ணம் வந்ததே இல்லை.

தங்கமணி குனிந்து கையைப் பானைக்கு மேல் காட்டிச் சூடு பார்த்தாள். சட்டியில் கரி பாதிக்கு மேல் சாம்பலாகியிருந்தது. வெயில் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

"மாமா," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "எங்க வூட்டுத் தாவாரத்துல கரி மூட்ட இருக்குது. ஒரு கூடை அள்ளியாங்க."

மாதப்பன் எழுந்து போனார்.